கழுவ முடிகிற தரையே நல்ல தரை
ஊர்வனப் பெட்டிகள்: தவறான நம்பிக்கைகளும் உண்மைகளும்

பல்லி, பாம்பு வளர்ப்பவர்கள் வீட்டிலேயே பெட்டி செய்துகொள்வதற்கு நல்ல காரணம் இருக்கிறது. வளர்ந்த ஒரு பியர்டட் டிராகன் பல்லிக்குக் குறைந்தது நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் தேவை. அந்த அளவுக்குக் கண்ணாடித் தொட்டி வாங்கினால் விலையும் அதிகம், எடையும் அதிகம். பிளைவுட்டில் செய்தால் செலவு குறையும், சூடும் உள்ளேயே நிற்கும். ஆனால் செய்பவர்களின் கவனமெல்லாம் கதவு, விளக்கு, காற்றோட்டம் ஆகியவற்றிலேயே போய்விடுகிறது. தரையைப் பற்றி யோசிக்கும்போது கையில் பணமும் இருக்காது, பொறுமையும் இருக்காது.

பிராணி நாள் முழுக்கத் தொட்டுக்கொண்டிருக்கும் பகுதி தரைதான். மலம் விழுவதும், தண்ணீர்க் கிண்ணம் கவிழ்வதும், தப்பியோடிய பாச்சை செத்துக் கிடப்பதும் அங்கேதான். வீட்டில் செய்த பெட்டி கெடத் தொடங்கும் இடமும் பெரும்பாலும் அதுவே. அறைக்குள் நுழையும் முன்பே கெட்ட வாடை அடிக்கும் பெட்டியைத் திறந்து பார்த்தால், சுவர்கள் நன்றாக இருக்கும். தரையின் மூலைகள் கறுத்து ஊதிக் கிடக்கும்.

தரையைப் பற்றிய குழப்பங்கள் பலவும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. தரை என்பது ஒன்று என்று நினைக்கிறோம். உண்மையில் அவை இரண்டு. ஒன்று, பெட்டியோடு நிலைத்திருக்கும் அடித்தளம். அதன் வேலை தண்ணீரையும் கழிவையும் மரத்துக்குள் விடாமல் காப்பது. மற்றொன்று, பிராணி நடக்கும் மேல்தளம். அதன் வேலை நகத்துக்குப் பிடிப்பும், வயிற்றுக்குச் சூடும், தோண்டுகிற இனமாக இருந்தால் தோண்ட மண்ணும் தருவது. அடித்தளத்தை நம் துடைக்கும் கைக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேல்தளத்தைப் பிராணிக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே பொருளை இரண்டு வேலைக்கும் இழுக்கும்போதுதான் கீழே சொல்லும் நம்பிக்கைகள் பிறக்கின்றன.

பெட்டிக்கு அளவெடுக்கும் முன் ஒரு வார்த்தை. நட்சத்திர ஆமை, உடும்பு, மலைப்பாம்பு போன்ற நம் மண்ணின் ஊர்வனவற்றைப் பிடித்து வளர்ப்பது இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, பால் பைதான் பாம்பு போல சைட்ஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள அயல்நாட்டு இனங்களை வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும். சிங்கப்பூரில் பல்லி, பாம்பு வகைகளை வீட்டில் வளர்க்கவே அனுமதியில்லை. ஆஸ்திரேலியாவில் மாநிலத்துக்கு மாநிலம் உரிம விதிகள் உண்டு. நீங்கள் வாழும் இடத்தின் சட்டத்தைப் பார்த்த பிறகே மரம் வாங்குங்கள்.

நம்பிக்கை 1: மரைன் பிளை வாங்கிவிட்டால் பூச்சு தேவையில்லை

உண்மை: மரைன் பிளையில் தண்ணீரைத் தாங்குவது அதன் ஒட்டு. இந்தியாவில் மரைன் பிளைக்கான தரக்குறி ஐ.எஸ். 710. அதன் சோதனையில் துண்டுகளை 72 மணி நேரம் கொதிநீரில் போடுகிறார்கள். அடுக்குகள் பிரியாமல் இருந்தால்தான் அது தேறும். அடுக்குகள் பிரியாது என்பதற்கு இது உத்தரவாதம். மேற்பரப்பு மரம் தண்ணீரைக் குடிக்காது என்பதற்கு உத்தரவாதம் அல்ல. பூச்சு இல்லாத மரைன் பிளையில் கிண்ணத் தண்ணீர் கொட்டினால் அது ஊறும். கழிவு பட்டால் கறை இறங்கும். கறையோடு கிருமியும் இறங்கும். பூச்சி அரிக்காமலிருக்க மரத்தில் ஏற்றப்படும் மருந்தும் பிராணியின் தோலில் நேரடியாகப் படக்கூடாது. எனவே எந்த பிளைவுட் ஆனாலும் பூச்சு கட்டாயம்.

எம்.டி.எஃப், பார்ட்டிக்கிள் போர்டு ஆகியவற்றின் நிலை இன்னும் மோசம். மேலே மைக்கா ஒட்டிப் பளபளவென்று இருந்தாலும், வெட்டிய ஓரம் ஒன்று திறந்திருந்தால் போதும். அந்த வழியாக ஈரம் ஏறி பலகை ஊதிவிடும். ஊதிய பலகை காய்ந்த பிறகும் பழைய கனத்துக்குத் திரும்பாது. பழைய அலமாரியைப் பெட்டியாக மாற்றுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஓரங்களைத்தான். திருகாணி போட்ட துளைகளும், ஒயர் நுழைக்கும் துளைகளும் ஓரங்களே.

பூச்சுக்கு இரண்டு நல்ல வழிகள் உள்ளன. வறண்ட சூழலில் வாழும் பல்லிகளுக்கு நீரில் கரையும் பாலியூரித்தேன் பூச்சைப் பல கைகள் அடித்தால் போதும். ஈரப்பதம் வேண்டும் பாம்புக்கோ, ஆழமாக மண் கொட்டும் பெட்டிக்கோ இரண்டு பாகங்களைக் கலந்து பூசும் எபாக்சி ஏற்றது. இரண்டிலும் தொட்டால் ஒட்டாத நிலை வேறு, முழுக்க இறுகிய நிலை வேறு. மாலையில் பூசியது காலையில் காய்ந்ததுபோல் தெரியும். ஆனால் உள்ளே வேதிவினை முடிய எபாக்சிக்குச் சுமார் ஒரு வாரம் பிடிக்கும். பாலியூரித்தேனுக்கு அதைவிட அதிகமும் ஆகலாம். டப்பாவில் எழுதியிருக்கும் முழு இறுகல் காலம் முடியும் வரையிலும், அதன் பிறகு விளக்கைப் போட்டுச் சூடேற்றினாலும் வாடை வராது என்று உறுதியாகும் வரையிலும் பிராணியை உள்ளே விடக்கூடாது. எபாக்சி புற ஊதாக் கதிரில் மஞ்சளித்து மாவாக உதிரும் இயல்புடையது. பல்லிக்குப் போடும் புற ஊதா (யுவிபி) விளக்கின் ஒளி நேராக விழும் இடத்தில் அதை வெறுமனே விடாமல் டைல்ஸோ மண்ணோ போட்டு மறைக்க வேண்டும்.

பூச்சு முடிந்ததும் மொட்டைமாடிக்குத் தளம் போட்ட கொத்தனார் தண்ணீர் தேக்கிப் பார்ப்பதுபோல நீங்களும் பாருங்கள். தரையில் ஒரு விரற்கடை தண்ணீர் விட்டு ஒரு நாள் வையுங்கள். அடியில் ஒரு காகிதத்தை விரித்துவிட்டால், எந்த மூலை கசிகிறது என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

நம்பிக்கை 2: வினைல் ஒட்டிவிட்டால் தண்ணீர் இறங்காது

உண்மை: ஒரே துண்டாக விரித்த வினைல் ஷீட் மிக நல்ல அடித்தளம். விலை குறைவு, துடைப்பது எளிது, தேய்ந்தால் மாற்றலாம். ஆனால் பின்னால் காகிதத்தை உரித்து ஒட்டும் சதுர வினைல் துண்டுகள் வேறு கதை. ஒரு பெட்டியில் எட்டுத் துண்டு ஒட்டினால் பத்து இணைப்பு உருவாகிறது. விளக்கின் சூட்டில் பசை இளகும், ஈரத்தில் ஓரம் தூக்கும். தூக்கிய ஓரத்துக்குள் கழிவு போய்விட்டால், அதை எடுக்க முழுவதையும் பெயர்க்க வேண்டியதுதான்.

இணைப்புகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பாம்புகளைப் பிடிக்கும் சிறு உண்ணிகள் இருட்டான வெடிப்புகளில் ஒளிந்துகொண்டு, அங்கேயே முட்டையிடும். பாம்பைக் குளிப்பாட்டி, மருந்திட்டு, பெட்டியைத் துடைத்த பிறகும் சில நாளில் அவை திரும்ப வருவதற்கு இந்த இடுக்குகள் ஒரு காரணம்.

எனவே ஷீட்டைத் தரையளவுக்கு வெட்டாதீர்கள். நான்கு பக்கமும் ஒரு சாண் கூடுதலாக விட்டு, சுவரில் ஏற்றி மடக்குங்கள். மூலைகளையும் மேல் விளிம்பையும் சிலிக்கான் கொண்டு அடையுங்கள். குளியலறைக்கென்று விற்கும் பூஞ்சைத் தடுப்புச் சிலிக்கானில் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும். மீன் தொட்டிக்கு ஏற்றது என்று குறிப்பிட்டிருப்பதையே வாங்குங்கள். அதிலிருந்து வரும் வினிகர் வாடை முழுக்கப் போன பிறகுதான் அது இறுகியிருக்கும். உடும்பினம், தேகு போன்ற பெரிய நகமுள்ள பல்லிகள் வினைலைக் கிழித்துவிடும். அவற்றுக்கு அடித்தளத்தின் மேல் கனமான மேல்தளம் அவசியம்.

நம்பிக்கை 3: டைல்ஸ் குளிரும், வழுக்கும், இயற்கைக்கு விரோதம்

உண்மை: டைல்ஸ் குளிர்வது நம் காலடியில். நம் உடல் சூடாக இருப்பதால் அது நம் சூட்டை இழுத்துக்கொள்கிறது. விளக்குக்குக் கீழே கிடக்கும் டைல்ஸ் அதே குணத்தால் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். பிளைவுட்டைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். விளக்கு அணைந்த பிறகும் சற்று நேரம் வெதுவெதுப்பாக இருக்கும். பியர்டட் டிராகனின் வெயில் காயும் இடம் ஏறத்தாழ 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். டைல்ஸ் துண்டு ஒன்று அந்த இடத்துக்குப் பொருத்தமானது.

வழுக்கல் என்பது வாங்கும் வகையைப் பொறுத்தது. வரவேற்பறைக்குப் போடும் பளபளப்பான விட்ரிஃபைட் டைல்ஸில் பல்லியின் கால்கள் பக்கவாட்டில் விரிந்துபோகும். வளரும் குட்டிகளுக்கு அது நல்லதல்ல. குளியலறைக்கும் வெளிமுற்றத்துக்கும் விற்கும் பளபளப்பில்லாத மேட் ரகத்தில் சொரசொரப்பு இருக்கும். நகம் பிடிக்கும், நடக்க நடக்க நகநுனி தானே தேயும். உள்ளங்கையால் தடவும்போது தோல் உரசி வலித்தால் அது அளவுக்கு மீறிய சொரசொரப்பு. அடிவயிறு இழுபட்டு நடக்கும் பிராணிக்கு அது ஆகாது.

டைல்ஸின் இன்னொரு முக்கியமான குணம் ஈரம் உறிஞ்சும் அளவு. விட்ரிஃபைட் வகை தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாது. சுவருக்கென்று விற்கும் செராமிக் டைல்ஸ் 10 சதவீதத்துக்கும் மேல் உறிஞ்சும். மேற்பூச்சு உடைந்த சுவர் டைல்ஸின் ஓரம் கழிவைக் குடித்துவிடும். தரை டைல்ஸைக் கேட்டு வாங்குங்கள்.

அளவிலும் ஒரு வசதி இருக்கிறது. 60 செ.மீ. சதுர டைல்ஸ் எங்கும் கிடைக்கும். பெட்டியின் உள்ளளவை நான்கடிக்கு இரண்டடியாக வைத்தால், இரண்டே டைல்ஸில் தரை முழுவதும் அடங்கிவிடும். ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளிதான் மிஞ்சும். 9 மி.மீ. கனமுள்ள ஒரு டைல்ஸ் ஏறத்தாழ ஏழரைக் கிலோ இருக்கும். இரண்டும் சேர்ந்து 15 கிலோ. பெட்டியின் அடியில் இரண்டு குறுக்குச் சட்டங்கள் அடித்துவிட்டால் அந்த எடையைத் தாங்கும்.

சிமெண்ட் வைத்து டைல்ஸைப் பதிக்க வேண்டியதில்லை. பதித்தால் இணைப்பில் கிரவுட் போட வேண்டும். சாதாரண சிமெண்ட் கிரவுட் நுண்துளைகள் நிறைந்தது. கழுவுவது டைல்ஸையே தவிர கிரவுட்டை அல்ல என்பது போகப்போகத் தெரியும். நிரந்தரமாகப் பதித்தே ஆக வேண்டும் என்றால் எபாக்சி கிரவுட் போடுங்கள். என் பரிந்துரை, பூச்சு முடித்த அடித்தளத்தின் மேல் டைல்ஸை வெறுமனே வைப்பதுதான். இரண்டு ஜோடி வைத்துக்கொண்டால், ஒரு ஜோடி உள்ளே இருக்கும்போது மற்றதைத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைக்கலாம். கனமான மேடைகளையும் கற்களையும் அடித்தளத்தின் மேலேயே உறுதியாக உட்காரவைக்க வேண்டும். மண்ணின் மேல் வைத்தால் பிராணி அடியில் தோண்டும்போது சரிந்து அதை நசுக்கிவிடும்.

நம்பிக்கை 4: கல்லென்றால் எல்லாம் ஒன்றுதான்

உண்மை: கடப்பா கல் சுண்ணாம்புக் கல் இனம், மார்பிளும் அதே குடும்பம். அமிலம் பட்டால் இரண்டும் அரிக்கும். வினிகராலோ எலுமிச்சையாலோ துடைக்கும் பழக்கமுள்ள வீட்டில் அவற்றின் மேற்பரப்பு மங்கி, நுண்குழிகள் விழுந்து, கறை பிடிக்கும். கிரானைட் இதைத் தாங்கும். ஆனால் 18 மி.மீ. கனத்தில் நான்கடிக்கு இரண்டடிப் பலகை 35 கிலோவுக்குப் பக்கத்தில் வரும். பளபளப்பான கிரானைட் வழுக்கவும் செய்யும். கல் பிடித்திருந்தால், விளக்கின் கீழே ஒரு துண்டாக வையுங்கள். தரை முழுவதற்கும் அது வேண்டாம்.

நம்பிக்கை 5: கார்ப்பெட் மென்மையானது, கழுவிப் போடலாம்

உண்மை: ஊர்வனவற்றுக்கென்றே விற்கும் கார்ப்பெட்டின் நூல் வளையங்களில் நகம் மாட்டும். மாட்டிய காலை இழுக்கும்போது நகம் பிய்ந்துபோவதும், இரையைக் கவ்வ வரும்போது பல் சிக்குவதும் நடக்கின்றன. நாருக்குள் இறங்கிய கழிவைக் கழுவித் தள்ளிவிடலாம். கிருமியைத் தள்ளுவது கடினம். நார் இறுக்கமாக இருக்கும் இடத்தில் கிருமிநாசினியும் நுழைவதில்லை. தரை மென்மையாக இருப்பதில் ஊர்வனவற்றுக்குப் பெரிய அக்கறை கிடையாது. அவை பிறந்த நிலங்கள் பாறையும் இறுகிய மண்ணுமாக இருப்பவை.

நம்பிக்கை 6: பாலைவனப் பிராணிக்கு மணல்தான் தரை

உண்மை: இந்த நம்பிக்கை படங்களிலிருந்து வந்தது. லெப்பர்ட் கெக்கோ பல்லியின் தாயகம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பகுதிகளின் வறண்ட நிலம். அங்கே அது வாழ்வது பாறை இடுக்குகளிலும் இறுகிய களிமண்ணிலும். மணற்குன்று அதன் வீடு அல்ல. பியர்டட் டிராகன் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட பகுதியைச் சேர்ந்தது. அங்கும் மணலும் களிமண்ணும் கலந்து வெயிலில் கெட்டிப்பட்ட தரையே அதிகம்.

மணலுக்கு எதிரான அச்சமும் ஒரு நம்பிக்கையாக இறுகிவிட்டது. ஒரு வாய் மணல் போனால் குடல் அடைத்து இறந்துவிடும் என்கிறார்கள். குடலடைப்பு உண்மையான ஆபத்து. ஆனால் அது பெரும்பாலும் தனியாக வருவதில்லை. சூடு போதாத பெட்டியில் செரிமானம் மந்தப்படும். தண்ணீர் குறைந்தால் குடல் வறளும். கால்சியமும் வைட்டமின் டி3-உம் குறைந்தால் குடல் தசைகளே பலவீனப்படும். அந்த நிலையில் உள்ளே போன மணல் வெளியே வராது. நல்ல சூட்டில், நல்ல உணவில் இருக்கும் வளர்ந்த பல்லி, இரையோடு விழுங்கும் சிறிதளவு மண்ணைக் கழிவோடு வெளியேற்றிவிடும்.

எனவே வயதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். குட்டிகளுக்கும், நோயுற்றவற்றுக்கும், புதிதாக வந்தவற்றுக்கும் டைல்ஸ் அல்லது காகிதம். ஆரோக்கியமாக வளர்ந்தவற்றுக்கு, மேல்மண்ணும் மணலும் களிமண்ணும் கலந்து நனைத்து, அமுக்கிக் காயவிட்ட தரை. கால்சியம் கலந்தது, செரிக்கக்கூடியது என்று விற்கும் வண்ண மணலைத் தொடவே வேண்டாம். அது கால்சியம் கார்பனேட். கால்சியம் குறைந்த பல்லி அதைத் தேடி நக்கித் தின்னும். அது வயிற்று அமிலத்தை முறிக்கும். ஈரம் பட்டால் கட்டியாகும்.

டைல்ஸ் மட்டும் போட்டு நிறுத்திக்கொள்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. பெண் பியர்டட் டிராகன் ஆண் துணை இல்லாமலும் முட்டையிடும். முட்டையிட அது ஆழமாகத் தோண்ட வேண்டும். தோண்ட இடமில்லாவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகும். டைல்ஸ் தரையின் ஒரு மூலையில், ஈர மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு நிரப்பிய பிளாஸ்டிக் டப்பாவை வையுங்கள். கழுவ எளிதான தரையும் கிடைக்கும், தோண்டும் உரிமையும் பிராணிக்கு மிஞ்சும்.

நம்பிக்கை 7: தென்னைநார்த்தூள் இயற்கையானது, எதற்கும் ஏற்றது

உண்மை: உலகெங்கும் ஊர்வன வளர்ப்பவர்கள் தண்ணீரில் ஊறவைத்து உதிர்க்கும் அந்தச் செங்கல் வடிவக் கட்டிகளில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போகிறது. பொள்ளாச்சிப் பக்கம் நார்த்தூள் காயும் களங்களைப் பார்த்தவர்களுக்கு அது புதிய பொருள் அல்ல. ஈரத்தை வைத்துக்கொள்வது அதன் தனிச்சிறப்பு. பால் பைதான் போல காற்றில் 60 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் விரும்பும் பாம்புகளுக்கு அது நன்றாகப் பொருந்தும்.

வறண்ட பெட்டியில் அதே நார்த்தூள் முழுக்கக் காய்ந்து பறக்கும். கண்ணில் விழும், மூக்கில் ஏறும். ஈரமான பெட்டியிலும் அது அடித்தளத்துக்குச் சோதனை: நனைந்த தூள் மாதக்கணக்கில் மரத்தின் மேல் படுத்திருக்கும். பூச்சில் ஒரு சிறு வெடிப்பு இருந்தாலும் ஈரம் அதைத் தேடிப் பிடித்துவிடும். நார்த்தூள் கொட்டுவதாக இருந்தால் தண்ணீர் தேக்கும் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. பூச்சைச் சுவரிலும் மண் நிற்கும் உயரத்துக்கு மேல் ஏற்றியிருக்க வேண்டும். தோட்டத்துக்கென்று வாங்கியதாக இருந்தால் உரம் கலக்காதது, உப்பு நீங்கக் கழுவியது என்று உறுதிசெய்யுங்கள். சந்தனம்போல் மணக்கும் தேவதாரு சீவலும் இயற்கையானதே. ஆனால் அதன் வாசனை எண்ணெய்கள் ஊர்வனவற்றின் நுரையீரலைப் பாதிக்கும். இயற்கையானது என்பதால் மட்டும் எந்தப் பொருளும் பெட்டிக்குள் போகத் தகுதி பெறுவதில்லை.

நம்பிக்கை 8: சூடேற்றும் விரிப்பான ஹீட் மேட்டைத் தரைக்கடியில் போட்டால் பிராணி தேவைக்கு ஏற்ப நகர்ந்துகொள்ளும்

உண்மை: வயிற்றில் படும் அளவுமீறிய சூட்டிலிருந்து ஊர்வன எப்போதும் தாமாக விலகுவதில்லை. சூடான இடத்திலேயே படுத்திருந்து அடிவயிறு வெந்துபோன பாம்புகள் கால்நடை மருத்துவர்களுக்குப் பழக்கமான காட்சி. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட் மேட்டை எந்தத் தரையிலும் போடக்கூடாது.

தரையின் தன்மை இதில் பெரிய பங்கு வகிக்கிறது. மேட்டின் மேல் மண்ணை ஆழமாகக் கொட்டினால் மேலே சூடு தெரியாது, அடியில் தேங்கும். சூட்டைத் தேடிப் புதையும் பாம்பு அந்த அடிக்கே போய்ச் சேரும். பிளைவுட்டுக்கு வெளியே மேட்டை ஒட்டினால் மரம் சூட்டைத் தடுக்கும். மேட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் சூடு சிறைப்படும். வினைலின் மேல் வைத்தால் வினைல் இளகி வாடை விடும். வீட்டில் செய்த மரப்பெட்டிக்கு மேலிருந்து சூடு தரும் விளக்கும், அதன் கீழ் டைல்ஸும்தான் பாதுகாப்பான ஏற்பாடு. விளக்கைச் சுற்றிக் கம்பிக் கூடும், தெர்மோஸ்டாட்டும் இருக்க வேண்டும்.

நம்பிக்கை 9: பினாயில் போட்டுத் துடைத்தால் கிருமி போய்விடும்

உண்மை: நம் வீடுகளில் சுத்தம் என்றால் பினாயில் வாடை. ஊர்வனப் பெட்டிக்குள் அது நஞ்சு. கறுப்பு பினாயிலில் உள்ள பினால் வகைப் பொருள்களும், வெள்ளை பினாயிலின் பைன் எண்ணெயும், டெட்டால் போன்ற திரவங்களில் உள்ள குளோரோசைலினாலும் ஊர்வனவற்றுக்கு ஆகாதவை. மூடிய பெட்டியில், விளக்கின் சூட்டில், அந்த ஆவியை அவை நாள் முழுக்கச் சுவாசிக்க நேரும்.

சரியான முறை எளிது, வரிசை முக்கியம். முதலில் பிராணியை வேறு அறைக்கு மாற்றுங்கள். மலத்தை எடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். கழிவின் வெள்ளைப் பகுதி யூரிக் அமிலம். அது தண்ணீரில் எளிதில் கரையாது. காய்ந்திருந்தால் சுரண்டாமல், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியைச் சற்று நேரம் அதன் மேல் போட்டுவைத்தால் இளகி வந்துவிடும். அழுக்கு போன பிறகுதான் கிருமிநாசினி. அழுக்கின் மேல் ஊற்றிய பிளீச் அழுக்கோடு வினைபுரிந்தே வலுவிழக்கும். கழிவில் அம்மோனியா இருந்தால் மூச்சை அடைக்கும் வாயுவும் கிளம்பும். வீட்டு பிளீச் 1 பங்குக்குத் தண்ணீர் 9 பங்கு கலந்து, 10 நிமிடம் ஈரமாகவே விட்டு, நன்றாக அலசி, வாடை போகக் காயவிடுங்கள். கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் குளோர்ஹெக்சிடினும் பயன்படுத்தலாம். வினிகர் சுண்ணாம்புக் கறையை எடுக்கும். கிருமிநாசினி என்று நம்பும் அளவுக்கு அதற்கு வலு இல்லை. வினிகரையும் பிளீச்சையும் ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் வாயு வெளிப்படும்.

பிளீச்சுக்கும் எல்லை உண்டு. கெக்கோக்களை உருக்கிக் கொல்லும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியின் முட்டையுறைகள் பிளீச்சைத் தாங்கிக்கொள்ளும். அவற்றை ஒழிப்பது கொதிநீரும் நீராவியும் முழு உலர்வும்தான். எடுத்துக் கழுவக்கூடிய டைல்ஸின் மதிப்பு அங்கே தெரியும். கார்ப்பெட்டையும், பூச்சில்லா மரத்தையும், மண்ணையும் தூக்கி எறிவதைத் தவிர வழியில்லை. டைல்ஸைக் கொதிநீரில் அலசி மறுபடி பயன்படுத்தலாம்.

இதையெல்லாம் பிராணிக்காக மட்டும் சொல்லவில்லை. ஊர்வன எந்த நோயும் காட்டாமலே சால்மோனெல்லாவைச் சுமக்கும். அமெரிக்காவில் குழந்தைகளுக்கு ஆமைகள் வழியாக அந்தத் தொற்று பரவியதால்தான், 1975-இல் நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஓடுள்ள ஆமைகளின் விற்பனையே தடைசெய்யப்பட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும், முதியவர்களும், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் இருக்கும் வீட்டில் கூடுதல் கவனம் வேண்டும். பெட்டியின் டைல்ஸைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். கழுவிய பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

நம்பிக்கை 10: பயோஆக்டிவ் தரை போட்டால் சுத்தமே செய்ய வேண்டாம்

உண்மை: வடிகால் அடுக்கு, அதன் மேல் மண், இலைச்சருகு, அவற்றில் கழிவைத் தின்று மக்கவைக்கும் ஐசோபாட்களும் ஸ்பிரிங்டெயில்களும் என்பது அருமையான ஏற்பாடு. ஈரப்பத இனங்களுக்கு அது நன்றாகப் பலன் தரும். ஆனால் அந்தச் சிற்றுயிர்களால் ஒரு பெரிய பல்லியின் தினசரிக் கழிவைத் தின்று தீர்க்க முடியாது. பெரிய மலத்தை நாம்தான் எடுக்க வேண்டும். கண்ணாடி, கிண்ணம், மேடை எல்லாம் நாம்தான் துடைக்க வேண்டும். ஈரமும் வேரும் நிரந்தரமாக இருப்பதால், மற்ற எந்தத் தரையையும்விட இதற்குத்தான் உறுதியான அடித்தளம் தேவை. பூச்சில் பிழை இருந்தால், எல்லா மண்ணையும் அள்ளிய பிறகே அது கண்ணில் படும்.

நம்பிக்கை 11: காகிதம் விரிப்பது அக்கறையின்மை

உண்மை: புதிதாக வந்த பாம்புக்கும், மருத்துவம் நடக்கும் பல்லிக்கும் வெள்ளைக் காகிதத்தைவிடச் சிறந்த மேல்தளம் இல்லை. மலத்தின் நிறம், அதில் இரத்தம், நகரும் கரும்புள்ளியாய் ஓர் உண்ணி, எல்லாம் அதில் பளிச்சென்று தெரியும். சுருட்டி எறிந்துவிட்டு வேறொன்றை விரிக்கலாம். தனிமைப்படுத்தும் முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு அழகைத் தள்ளிவையுங்கள். ஒளிந்துகொள்ள ஒரு குகையும் தண்ணீரும் இருந்தால் பிராணிக்குக் குறையில்லை.

எப்படி முடிவெடுப்பது?

வாங்கப் போகும்முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பிராணி தோண்டுமா, ஏறுமா, நீந்துமா? அதற்கு வேண்டிய ஈரப்பதம் எவ்வளவு? மலம் விழுந்த இடத்தை அதே நாளில், சில நிமிடங்களில் உங்களால் சுத்தம் செய்ய முடியுமா? முதல் இரண்டும் மேல்தளத்தைத் தீர்மானிக்கும். மூன்றாவது அடித்தளத்தைத் தீர்மானிக்கும்.

வறண்ட நிலப் பல்லிக்குப் பெட்டி செய்பவர்களுக்கு நான் சொல்வது இது: நல்ல பிளைவுட், அதன் ஓரம் முதல் துளை வரை பூச்சு, ஒரே துண்டாகச் சுவரில் ஏறி மடங்கிய வினைல், அதன் மேல் எடுத்துக் கழுவும் இரண்டு மேட் டைல்ஸ், மூலையில் தோண்டும் டப்பா. ஈரம் விரும்பும் பாம்புக்கு: எபாக்சி பூசி, தண்ணீர் தேக்கிச் சோதித்த தொட்டி வடிவ அடித்தளம், அதன் மேல் நார்த்தூள் கலந்த மண். செலவைக் குறைக்க வேண்டியிருந்தால் பெட்டியின் வெளி அழகில் குறையுங்கள். பூச்சிலும் சிலிக்கானிலும் குறைக்காதீர்கள்.

ஊர்வன பல ஆண்டுகள் வாழும் உயிர்கள். லெப்பர்ட் கெக்கோ 15 ஆண்டுக்கு மேலும், பால் பைதான் 20 ஆண்டுக்கு மேலும் நம்மோடு இருக்கும். அத்தனை ஆண்டும் அந்தத் தரையை யாரோ ஒருவர் குனிந்து துடைக்க வேண்டும். துடைப்பது எளிதாக இருந்தால் தினமும் துடைப்போம். சிரமமாக இருந்தால் நாளைக்குத் தள்ளிப்போடுவோம், அப்படித் தள்ளிப்போடும் நாள்களில்தான் நோய் நுழையும். கழுவ எளிதான தரையைத் தேர்ந்தெடுப்பதைச் சோம்பலென்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தப் பிராணியின் ஆயுளுக்கு நீங்கள் முதல் நாளே செய்யும் ஏற்பாடு அது.